புறவுலக உயிர் வாதமும் கருதலளவையும்

மலையிற் புகை எழக் கண்டு, ஆண்டு நெருப்புண்டெனத் துணிதல் கருதலளவை. மலையிற் பனி படிந்திருப்பக் கண்டு, அதனைப் புகையென மயங்கி, அம்மயக்கத்தின் மேலே நெருப்புண்டெனத் துணிந்து, அந்நெருப்பிற் சமைக்கப்படும் சோற்றுக்கு இலை விரித்து அமர்தல் எவ்வளவையின்பாற் படுமென்று அளவைநூலார் ஒருவரும் கூறிற்றிலர். 2025ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் உலகெங்கும் பரவிய ‘வேற்றுலகில் உயிர்’ என்னும் ஆரவாரம் இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது. அவ்வாரவாரத்திற்குச் சைவ மேடைகளிலும் சிலர் பக்கவாத்தியம் வாசிக்கப் புகுந்தமையால், அதனை ஈண்டு ஆராய்தல் வேண்டுவதாயிற்று.

செய்தி யாதெனின்: சிம்ம மண்டலத்தின் திசையில், ஏறத்தாழ 124 ஒளியாண்டுத் தொலைவில், கே2-18 எனக் குறிக்கப்படும் சிவந்த குறுமீன் ஒன்று உளது. அதனை 33 நாட்களுக்கு ஒருமுறை சுற்றிவரும் கோள் ஒன்று 2015ஆம் ஆண்டிற் கெப்ளர் தொலைநோக்கியின் உதவியாற் கண்டறியப்பட்டது. கே2-18பி என்பது அதன் பெயர். நிறையில் நிலவுலகினும் எட்டு மடங்கிற்கு மேற்பட்டது; குறுக்களவில் இரண்டரை மடங்கிற்குச் சற்று மேற்பட்டது. அக்கோள் தன் விண்மீனைக் கடந்து செல்லுங்கால், மீனின் ஒளியிற் சிறு கூறு கோளின் வளிமண்டலத்தினூடே வடிந்து வருகின்றது. ஒவ்வொரு வளியும் ஒளியில் தனக்குரிய நிறத்தை விழுங்கும் இயல்பினது. ஆகலின், எந்நிறம் எத்துணை குறைந்ததென்று அளந்து, ஆண்டு இன்ன வளியுண்டெனக் கணிக்கின்றனர். இம்முறையாற் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து நிக்கு மதுசூதனும் அவர் குழுவினரும், ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி கொண்டு, 2023ஆம் ஆண்டில் மீத்தேனும் கரியமில வாயுவும் அக்கோளில் உளவென்று அறிவித்தனர். 2025 ஏப்ரலில், டைமெத்தில் சல்பைடேனும் அதன் இனமாகிய டைமெத்தில் டைசல்பைடேனும் உளதாதற்குரிய குறி தோன்றுகின்றதென்றனர். நிலவுலகில் இவ்வளி பெரும்பாலும் கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களால் உண்டாவது. கடற்கரையிற் காற்று வீசும்போது நாசிக்குப் புலனாகும் அம்மணத்தில் இதற்கும் பங்குண்டு.

அக்குழுவினர் தாமே, இன்னும் நோக்குதல் வேண்டும் என்று சொல்லியே அறிவித்தனர். ஆதலின் பழி முழுதும் அவர்பாற் சார்த்துதல் நேர்மையன்று. செய்தித்தாள்கள் அடக்கவுரையை மூன்றாம் பக்கத்திலும் உயிரைத் தலைப்பிலும் அச்சிட்டன. அதற்கேற்ற வகையில் பல்கலைக்கழக அறிக்கையும் தலைப்பிலேயே குரலை உயர்த்தியிருந்ததென்பதையும் மறைத்தற்கில்லை.

இனி, அவ்வாதத்தை அளவைநூல் முறையில் அமைத்து நோக்குக. ‘கே2-18பி உயிருடைத்து, டைமெத்தில் சல்பைடு உடைமையின், யாதொன்று டைமெத்தில் சல்பைடு உடைத்து, அஃது உயிருடைத்து, நிலவுலகக் கடல் போல.’ மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு மூன்றும் ஒழுங்காக அமைந்தனபோலவே காணப்படும். ஆயின் ஒவ்வொன்றையும் விரல்வைத்துத் தட்டினால் ஒலி வேறாகின்றது.

முதற்கண் ஏது. மலையிற் புகையுண்மை காட்சியாற் பெறப்பட்ட பின்னரன்றோ நெருப்பைக் கருதல் கூடும்? புகையோ பனியோ என்னும் ஐயம் தீராதவிடத்து அவ்வேது அசித்தம் எனப்படும். கேம்பிரிட்ஜ்க் குழுவினர் கூறிய வலிமை ‘மூன்று சிக்மா’ என்னும் அளவினது. ஐந்து சிக்மா அளவு எய்தினாலன்றிக் கண்டறிந்தோம் என்னாமை இயற்பியலார் வழக்கு. ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஜேக் டெய்லர் என்பார், அதே அளவீடுகளை எவ்வளியையும் முன்கொள்ளாது ஆராய்ந்து, மேடுபள்ளமற்ற ஒரு நேர்கோடே அவற்றிற்குப் பொருந்துமென்று காட்டினார். வேறு குழுவினர், முன்னர்க் கருதப்படாத பிற சேர்மங்களையும் அவ்விடத்து வைத்துப் பார்த்து, அவையும் பொருந்துகின்றன என்றனர். எனவே புகையென்று சொல்லப்பட்டது பனியும் ஆகலாம். கண்ணிற் படலமும் ஆகலாம்.

இவ்விடத்து ஒரு பிழையைத் தனியே எடுத்துக் கண்டித்தல் இன்றியமையாதது. மூன்று சிக்மா என்பதை ‘நூற்றுக்கு 99.7 பங்கு உயிருண்டு’ என்று எழுதினாரும் பேசினாரும் உளர். அஃது அறவே பொருந்தாது. என்னை? அவ்வெண்ணின் பொருள், ‘அவ்வளி ஆண்டு இல்லையாயினும், அளவீட்டின் தற்செயலான நடுக்கத்தினாலேயே இத்தகைய குறி தோன்றுதற்குரிய வாய்ப்பு நூற்றுக்கு 0.3’ என்பது மாத்திரையே. வளி உண்டென்பதற்கு அது தரும் உறுதியே வேறு. அவ்வளி உயிரினின்றும் வந்ததென்பதற்கோ அவ்வெண்ணில் ஓர் அணுவளவும் இடமில்லை. தெருவில் ஒருவன் நடந்த ஓசை கேட்டதென்பதில் ஐயம் சிறிதே எனக் கூறினானை நோக்கி, ‘அங்ஙனமாயின் வந்தவன் மருமகனே என்பதிலும் ஐயம் சிறிதே’ எனக் கூறி விருந்துக்கு அரிசி களைவது போன்றது இது.

ஏது சித்தித்ததென்றே கொள்ளுவோர்க்கும் விடுதலையில்லை. அவ்வேது சபக்கத்தின்கண் உண்டாய், விபக்கத்தின்கண் இன்றியிருத்தல் வேண்டும். அடுக்களையிற் புகையுண்டு, நீர்மடுவில் இல்லை. ஆகலின் புகை நெருப்பிற்கு நல்லேது. டைமெத்தில் சல்பைடோ நிலவுலகக் கடலாகிய சபக்கத்தில் உண்டு. உயிரற்ற 67பி என்னும் வால்வெள்ளியிலும் உண்டு! ரொசெட்டா விண்கலம் அவ்வால்வெள்ளியின் அருகிருந்து எடுத்த அளவீடுகளில் அவ்வளி காணப்பட்டமை 2024ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதே காலத்தில், உயிர்த்தொடர்பு சிறிதுமின்றி, சில வளிகளைக் கலந்து புறவூதா ஒளி பாய்ச்சிய மாத்திரையானே ஆய்வுக்கூடத்தில் அச்சேர்மம் உண்டானதும் காட்டப்பட்டது. சபக்கத்தும் விபக்கத்தும் ஒருங்கே நிகழும் ஏது அநைகாந்திகம். அநைகாந்திக ஏதுவால் எதனையும் சாதிக்கலாம். அதனாலேயே எதனையும் சாதிக்கலாகாது.

மூன்றாவது, பக்கமே ஐயத்திற்கிடமாயிருக்கின்றது. கடல் பரந்து நீர்வளி சூழ்ந்த உலகு என்று கேம்பிரிட்ஜ்க் குழுவினர் கொள்ளும் அக்கோளை, நிற்றற்கு நிலமோ நீர்ப்பரப்போ இல்லாத, அடர்ந்த வளிப்போர்வையுடைய சிறு நெப்டியூன் என்று கொள்வாரும் உளர். கடலுண்மையே நாட்டப்படாதவிடத்துக் கடலுயிரை நாட்டுதல், மலடி மகனுக்குப் பெயர் சூட்டுதலோடு ஒக்கும். அக்கோளிலேயே முன்னும் ஒரு பாடம் கிடைத்திருந்தது. 2019ஆம் ஆண்டில் ஹபிள் தொலைநோக்கி கொண்டு ஆண்டு நீராவி கண்டோம் என்று இரு குழுவினர் அறிவித்தனர். 2023இல் வெப் தொலைநோக்கி நோக்கியபோது மீத்தேன் தெளிவாகத் தோன்றியது. நீராவி அவ்வாறு தோன்றிற்றிலது. முன்னர் நீராவியெனக் கொண்ட குறி மீத்தேனுடையதே போலும்.

‘இஃது ஒருமுறை நேர்ந்த வழு, இதற்காக ஒரு துறையையே பழிக்கலாமோ?’ எனின், ஒருமுறையன்று. இத்துறையின் வரலாறே இவ்வழுவின் வரலாறாக நீள்கின்றது. 1877ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு ஷியாபரெல்லி செவ்வாயிற் சில கோடுகளைக் கண்டு, தம் மொழியில் ‘கால்வாய்’ என்றும் ‘பள்ளம்’ என்றும் இருபொருள்படுஞ் சொல்லாற் குறித்தார். அமெரிக்காவிற் பெர்சிவல் லோவெல் என்னும் செல்வர் அச்சொல்லின் ஒரு பொருளை மாத்திரம் பற்றிக்கொண்டு, 1894இல் அரிசோனாவிலுள்ள பிளாக்ஸ்டாபில் வானாய்வுக்கூடம் நிறுவி, வறண்டு மடியும் ஓர் உலகில் அறிவுடைய மாந்தர் துருவப் பனிநீரைக் கொணர வெட்டிய கால்வாய்கள் அவை என்று நூல்கள் எழுதினார். டார்வினோடு ஒருங்கு உயிர்வகைத் தோற்றக் கொள்கையை வெளியிட்டவராகிய ஆல்பிரட் ரசல் வாலஸ், 1907ஆம் ஆண்டில், தமது எண்பதைக் கடந்த முதுமையில், ஒரு சிறு நூலால் அதனை மறுத்தார். அத்துணைக் குளிர்ந்த, காற்று மெலிந்த உலகில் திறந்த கால்வாயில் நீர் ஓடுதல் ஒல்லாது என்பது அவர் கொண்ட ஏதுக்களுள் ஒன்று. தொலைநோக்கி நிறுவியவர் மயங்க, கணக்கும் நியாயமும் கொண்டு நாற்காலியில் இருந்தவர் மயங்காமை ஈண்டு நோக்கத்தக்கது. 1965ஆம் ஆண்டில் மரினர் 4 என்னும் கலம் செவ்வாயின் அருகு சென்று படமெடுத்தபோது குழிகள் தோன்றின, கால்வாய் ஒன்றுமில்லை. கயிற்றைப் பாம்பெனக் காணும் திரிவுக்காட்சிக்கு இதனினும் விலையுயர்ந்த எடுத்துக்காட்டு கிடைத்தல் அரிது.

பின்னர் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அண்டார்க்டிகாப் பனியில் 1984இல் எடுக்கப்பட்ட செவ்வாய்க் கல்லொன்றில் நுண்ணுயிரின் சுவடு உளதென்று அறிவிப்பெழுந்தது. அமெரிக்க அதிபர் கிளின்டனே வெளிவந்து அதுபற்றிப் பேசினார். அச்சுவடு ஒவ்வொன்றும் உயிரின்றியும் உண்டாகலாம் என்பது அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டப்பட்டது. 2010 டிசம்பரில், கலிபோர்னியாவிலுள்ள மோனோ ஏரியில், பாஸ்பரசுக்கு ஈடாக ஆர்சனிக்கை உடலிற் சேர்த்து வளரும் நுண்ணுயிர் கண்டோம் என்றனர். 2012இல் இரு ஆய்வுரைகள் அதனை மறுத்தன. சயன்ஸ் இதழ் 2025 ஜூலையில் அவ்வுரையைத் திரும்பப் பெற்றது. எழுதினோர் அதற்கு இசைந்திலர் என்பதும் கூறற்பாலது. 2020 செப்டம்பரில் வெள்ளியின் மேகங்களிற் பாஸ்பீன் என்றனர். அளவீட்டைச் செப்பஞ்செய்தபின் அதன் அளவு பெரிதுங் குறைந்தது. வழக்கு இன்னும் முடிந்திலது.

இவ்வளவும் கூறியதுகொண்டு, ஆய்வாளரையெல்லாம் மயக்கறிவினரென்று கொள்ளற்க. மேற்காட்டிய பிழைகளைக் கண்டு வெளிப்படுத்தினோரும் ஆய்வாளரே. தம் குழாத்தார் கூற்றைத் தாமே அடித்துத் திருத்தும் அவ்வழக்கு, மடாலயங்களில் மாணாக்கர் தடைவிடை நிகழ்த்திய பழவழக்கிற்கு அயலானதன்று. 2021ஆம் ஆண்டில் நாசா நிறுவனத்து ஜேம்ஸ் கிரீன் முதலாயினோர் ஏழு படி கொண்ட ஓர் ஏணியையும் வகுத்தனர். குறியுண்டென்றல் முதற்படி மாத்திரமே. அது கலப்பாலும் கருவிக்குற்றத்தாலும் வந்ததன்றென்றல் அடுத்தது. அவ்விடத்து உயிரல்லாத வழியால் அது தோன்றாதென்று காட்டுதல் பின்னது. வேறு குழுவினர் வேறு வழியால் உறுதிசெய்தல் மேலது. அசித்தமும் அநைகாந்திகமும் விலக்குக என்று நம் அளவைநூலார் விதித்ததனையே அவர் வேறு மொழியிற் கூறினார் என்க. முதற்படியில் நின்றுகொண்டு மாடியிலிருப்பதாகக் கூவுவோரையே இக்கட்டுரை மறுக்கின்றது.

‘நீருளதேல் உயிருளது’ என்னும் மற்றொரு வாய்பாடும் இக்காலத்து வழங்குகின்றது. இதனையும் நிலவுலகே மறுக்கின்றது. எத்தியோப்பியாவின் டனாகில் பள்ளத்தில் டல்லோல் என்னும் இடமுண்டு. பொன்னிறமும் பச்சையுமான குளங்கள் ஆண்டுக் கொதித்தெழுகின்றன. கடும்புளிப்பும், மிக்க உப்பும், வெம்மையும் ஒருங்கு கூடிய நீர் அவற்றிலுளது. 2019ஆம் ஆண்டில் ஒரு குழுவினர் ஆண்டு மிக நுண்ணிய உயிர் உண்டென்றனர். அதே ஆண்டில் பூரிபிகாசியோன் லோபஸ் கார்சியா முதலிய மற்றொரு குழுவினர், பல குளங்களினின்றும் நீரெடுத்துப் பலவகையாற் சோதித்து, அவற்றுள் மிகக் கொடிய குளங்களில் உயிர் இல்லையென்றனர். அவர் கூறிய மற்றொன்று மேலும் கருதத்தக்கது: அக்குளங்களிற் படியும் சில கனிமத் துகள்கள் பெருக்காடியில் உயிரணுப் போலவே தோன்றும்! கையால் எடுத்து, அருகிலிருந்து, நாட்கணக்கிற் சோதிக்கக்கூடிய நிலவுலகக் குளத்திலேயே இவ்வண்ணம் வழக்கு நிகழுமாயின், ஒளியே 124 ஆண்டு வழிநடந்து வருந் தொலைவிலுள்ள வளியைப்பற்றி ஒரே நாளில் தீர்ப்பெழுதுவது எத்தகைய துணிவு!

எதிர்மறையாக, உயிர் இராதென்று கருதிய இடங்களில் உயிர் வெளிப்பட்டதும் உண்டு. 1977ஆம் ஆண்டில் கலாபகோஸ் தீவுகளருகே, கதிரவனொளி புகாத ஆழ்கடலடியில், வெந்நீர் ஊற்றுக்களைச் சூழ்ந்து புழுவும் சிப்பியும் கூட்டங்கூட்டமாய் வாழக் கண்டனர். தென்னாப்பிரிக்கப் பொற்சுரங்கமொன்றின் 2.8 கிலோமீட்டர் ஆழத்து நீரில், வேறு துணையுயிர் ஏறக்குறைய ஒன்றுமின்றித் தனித்து வாழும் ஒரு நுண்ணுயிர் இனத்தை 2008இல் விளக்கி எழுதினர். பாறையின் கதிரியக்கத்தால் நீர் பிளந்து பிறக்கும் ஐதரசனே அதற்கு உணவின் முதல். ஆதலின், ‘வேற்றுலகில் உயிர் இல்லவே இல்லை’ என்று மறுதலையாகத் துணிவோரும் தப்பினாரல்லர். இன்மையும் ஓர் அளவையே. ஆயின், இருந்தால் தோன்றற்குரிய பொருள் தோன்றாவிடத்தே அது செல்லும். இருளறையில் விளக்கின்றிப் புகுந்து, குடம் காணப்படாமையின் குடமில்லை என்பவன் இன்மையளவையைப் பயன்படுத்தினானல்லன். 1976இல் வைகிங் கலங்கள் இரண்டு செவ்வாயில் இறங்கி மண்ணைச் சோதித்தன. ஒரு சோதனை உயிர்க்குறி போன்றதொன்றைக் காட்ட, மற்றொன்று கரிமச் சேர்மமே இல்லையென, உயிரில்லையென முடித்தனர். 2008இற் பீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணிற் பெர்குளோரேட்டு என்னும் உப்புண்டெனக் கண்டது. மண்ணைச் சூடாக்கிச் சோதிக்கும் அம்முறையில், அவ்வுப்பே கரிமச் சேர்மங்களை எரித்துவிடத்தக்கது! விளக்கே குடத்தை உடைத்த கதை இது. பின்னர்க் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாயின் பழஞ்சேற்றுப் பாறையிற் கரிமச் சேர்மம் உண்மையை நாட்டியது. அதனால் உயிர் நாட்டப்பட்டதில்லை. முன் சொன்ன இன்மை நாட்டப்படவில்லை என்பது மாத்திரம் தெளிவாயிற்று.

இனிச் சைவ மேடைக்கு வருதும். கே2-18பி செய்தி வந்த சின்னாட்களிலேயே, ‘புவனங்கள் 224 என்று ஆகமம் அன்றே கூறிற்று, விஞ்ஞானம் இன்றே அதனைக் கண்டது’ என்று சொற்பொழிவுகளிற் கேட்கப்பட்டது. கைகொட்டலும் மிக்கிருந்தது. இதனினும் சைவத்திற்கு ஊறு விளைக்கத்தக்க ஆதரவு பிறிதொன்றில்லை.

அத்துவாக்கள் ஆறனுள் ஒன்றாகிய புவனங்கள், தத்துவங்களைப் பற்றி நின்று, கலைகளில் அடங்கி, ஆன்மாக்கள் வினைப்பயன் நுகர்தற்கு நிலைக்களனாக ஓதப்பட்டவை. நிவிர்த்தி முதற் சாந்தியாதீதை ஈறாக அவை வகுக்கப்பட்ட முறையை அறிந்தான் ஒருவன், மாயையின் மேற்பட்ட தத்துவத்துப் புவனமொன்றைச் சிம்ம மண்டலத்திற் சுழலும் ஒரு வளியுருண்டையென்று கூறத் துணியான். அறியாதானே துணிவான். விண்மீன்களைச் சுற்றும் கோள்கள் ஆறாயிரத்திற்கு மேற்பட்டு இதுவரை உறுதிசெய்யப்பட்டுள்ளன. 224க்கும் ஆறாயிரத்திற்கும் உள்ள இயைபு யாதென வினவினால் அச்சொற்பொழிவாளர் என் செய்வர்? எண் ஒவ்வாதவிடத்து எண்ணை மாற்றுவரோ, ஆகமத்தை மாற்றுவரோ?

அன்றியும், உரையளவையின் பெருமை யாது? காண்டலும் கருதலும் செல்லாத பொருளைத் தெரித்தலே. அவ்வுரைக்கு ஏப்ரல் மாதத்துச் செய்தித்தாளைச் சான்றாக நிறுத்தினால், அடுத்த திங்களில் அச்செய்தி ஐயத்துக்குள்ளானபோது உரையும் ஐயத்துக்குள்ளாயிற்றென்பது பட்டுவிடும். ஆகமத்திற்கு இழுக்குத் தேடவேண்டுமென்று விரும்பிய பகைவனும் இதனினும் நல்ல வழி காணான். அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரின் தொடக்கத்தே அளவை இலக்கணத்தை வைத்தது அலங்காரத்திற்கன்று. பரபக்கத்தில் உலகாயதன் முதலாயினோர் மதங்களை எந்நியாயம் கொண்டு தள்ளினாரோ, அந்நியாயத்திற்குச் சுபக்கத்தாரும் கட்டுப்பட்டோர். தமக்கு இனிய முடிவாயின் போலியேதுவையும் அணைத்துக்கொண்டு, பிறர்க்கு இனிய முடிவாயின் அதே போலியைக் கண்டிப்பது சித்தாந்த வழக்கன்று, சந்தை வழக்கு.

‘வேற்றுலகில் உயிர் வெளிப்படின் உயிர் சடத்தினின்று பிறந்ததென்பது உறுதியாம், சைவம் வீழும்’ என்று மறுபுறம் கொக்கரிப்போர்க்கு நீண்ட விடை வேண்டுவதில்லை. இவ்வுலகில் உடம்பு சடத்தாலாயது, அவ்வுலகிலும் சடத்தாலாயதாகும். உடம்பின்கண் அறிவது எது என்னும் வினா இவ்வுலகில் எங்ஙனம் நின்றதோ அங்ஙனமே அவ்வுலகிலும் நிற்கும். உடம்புகளின் தொகை மிகுவதால் அவ்வினாவிற்கு விடை கிடைத்துவிடாது.

சொல்லத்தகும் முறையிற் சொல்லிய ஓர் எடுத்துக்காட்டும் அண்மையிலேயே கிடைத்தது. செவ்வாயின் ஜெசெரோ பள்ளத்திற்கு முற்காலத்தில் நீர் கொணர்ந்த ஆற்றுவழியொன்றில், 2024 ஜூலையில், பெர்சிவியரன்ஸ் ஊர்தி ஒரு செந்நிறப் பாறையைக் கண்டது. சிறுத்தையின் தோற்புள்ளி போன்ற புள்ளிகள் அதன்மேல் இருந்தன. இரும்பும் பாஸ்பரசும் கூடிய ஒரு கனிமமும், இரும்பும் கந்தகமும் கூடிய ஒரு கனிமமும் அப்புள்ளிகளில் உளவெனக் கண்டனர். நிலவுலகச் சேற்றில் நுண்ணுயிர்கள் கரிமப் பொருளைத் தின்னுமிடத்து இத்தகைய கனிமங்கள் தோன்றுவதுண்டு. அக்குழுவினர் ஓராண்டிற்கு மேல் ஆராய்ந்து, பிறரால் சோதிப்பித்து, 2025 செப்டம்பரில் நேச்சர் இதழில் வெளியிட்டபோதும், ‘உயிர்க்குறியாதல் கூடும்’ என்ற அளவிலேயே நிறுத்தினர். உயிரல்லாத வழிகள் இன்னும் முற்ற விலக்கப்பட்டில என்பதையும் உடனெழுதினர். விலக்குதற்கு அக்கல் நிலவுலகின் ஆய்வுக்கூடங்களுக்கு வருதல் வேண்டும். கொணரும் திட்டமோ செலவுமிகுதியால் இடர்ப்பட்டு நிற்கின்றது. துளைத்தெடுத்த கற்கோல் விரலளவான குழாயில் அடைக்கப்பட்டு, ஊர்தியின் வயிற்றிற் கிடக்கின்றது.